வீட்டில் ஒரே ஒருவரைப் பார்த்து மட்டும் நாய் உறுமத் தொடங்கினால்

நாய் உறுமிய அந்த நொடியில், யாரைப் பார்த்து உறுமியதோ அவர் அப்படியே நிற்க வேண்டும். நாயின் கண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கையைத் தொடையோடு வைத்துக்கொண்டு, மெல்லப் பின்னால் நகர்ந்து அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதட்ட வேண்டாம். கழுத்துப் பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். "என்னடா செல்லம், நான்தானேடா" என்று குனிந்து கொஞ்சவும் வேண்டாம். இந்த மூன்றில் ஆபத்து அதிகம் கடைசியில்தான், ஏனென்றால் குனியும்போது உங்கள் முகம் நாயின் வாய்க்கு நேராகப் போய்விடுகிறது.

உறுமலை அதட்டி அடக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. நாய்க்கு வாய்ப்பேச்சு கிடையாது. "பக்கத்தில் வராதே, எனக்கு முடியவில்லை" என்று அது சொல்லும் வழி உறுமல்தான். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை மட்டும் விட்டுவிடும். பயமோ வலியோ அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். "ஒரு அறிகுறியும் காட்டாமல் கடித்துவிட்டது" என்று சொல்கிற பல வீடுகளில், அந்த அறிகுறி முன்பு எப்போதோ அடித்து நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் உங்கள் நாய் இன்னும் உறுமுகிறது என்றால் நிலைமை கைமீறவில்லை, வேலை செய்ய நேரம் இருக்கிறது.

முதல் வேலை: தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்

ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்று. அட்டையில் தேதி தவறியிருந்து, கடந்த சில மாதங்களில் தெருநாயோடு சண்டையோ கடியோ நடந்திருந்தால், குணம் மாறியதற்கு வேறு காரணம் தேடும் முன் ரேபிஸா என்றுதான் பார்க்க வேண்டும். குரல் கம்மிப் போவது, எச்சில் ஒழுகுவது, பின்னங்கால் தள்ளாடுவது, கீழ்த்தாடை தொங்குவது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிப்பது ஆகியவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் நாயைத் தனி அறையில் அடைத்துவிட்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். தாடை தொங்கும் நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கவே கூடாது.

பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், வீட்டு நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ரேபிஸ் ஊசி முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தடவை. ரத்தம் வரும் காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். அதை நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது வேலை: வலி இருக்கிறதா என்று பார்ப்பது

இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால், எங்கேயோ வலிக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். "வலி என்றால் எல்லாரையும் பார்த்துத்தானே உறும வேண்டும், ஏன் அவரை மட்டும்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். வலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தொடுகிற பழக்கம் ஒருவருக்குத்தான் இருக்கிறது. பேரன் பள்ளி விட்டு வந்ததும் நாயின் வலப்பக்கம் உட்கார்ந்து வலது காதைப் பிசைந்துவிடுவான். அந்தக் காதில் சீழ் வைத்திருந்தால் நாய்க்குத் தெரிவது ஒன்றுதான்: இந்தப் பையன் வந்தால் வலி வரும். காருக்குள் தூக்கி ஏற்றுகிறவர், குளிப்பாட்டுகிறவர், நகம் வெட்டுகிறவர், மாத்திரையை வாயில் திணிக்கிறவர் என்று வீட்டில் அந்த வேலைகளைச் செய்கிறவர்தான் இப்படி மாட்டிக்கொள்வார்.

கையால் அழுத்திப் பார்க்காமல் கண்ணால் பாருங்கள். தலையை அடிக்கடி உதறுகிறதா? காதருகே முகர்ந்தால் புளித்த மாவு வாடை அடிக்கிறதா, உள்ளே காபிப்பொடி நிறத்தில் அழுக்கு தெரிகிறதா? லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போலக் காது மடிந்து தொங்கும் நாய்களுக்கு மழைக்காலத்தில் இது சாதாரணம். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, கெட்டியான பண்டத்தைக் கவ்விவிட்டுக் கீழே போடுகிறதா? பல்லில் கோளாறு. உட்காரும்போது ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டுகிறதா, படியில் முயல் போல இரண்டு காலையும் சேர்த்துத் தாவுகிறதா? இடுப்பு மூட்டு. வழவழவென்ற டைல்ஸ் தரையில் இடுப்பு வலி உள்ள நாய் எந்நேரமும் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் இருக்கும். யாராவது வேகமாகக் கடந்து போனாலே, எழுந்து விலக முடியாது என்று தெரிந்து உறுமும். வீட்டில் வேகமாக நடப்பவர் ஒருவர்தான் என்றால் உறுமலும் அவருக்குத்தான். ரப்பர் பாய் நான்கு போட்டதும் பாதி உறுமல் குறைகிற வீடுகள் உண்டு.

விரலிடுக்கில் முள்ளோ உண்ணியோ இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் ஆண்டு முழுக்க உண்டு. மந்தம், தீனி குறைவது, ஈறு வெளுப்பது அதன் அடையாளங்கள். நாயின் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் சூடு அதற்கு இயல்பு என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

பெட்டை நாய் பருவத்துக்கு வந்துபோய் ஒன்று, இரண்டு மாதத்தில் உறுமத் தொடங்கினால், பொய்ச்சினையா என்று பாருங்கள். பொம்மையையோ செருப்பையோ குட்டி போல வைத்துக் காக்கும், மடியில் பால்கூட வரும். வயதான நாய் என்றால் கண் மங்கியிருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம். பின்பக்கமாக வருகிறவர்தான் அதைத் திடுக்கிட வைக்கிறார். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பசியையும் தாகத்தையும் கூட்டி, சில நாய்களுக்கு எரிச்சலையும் கூட்டும்.

மருத்துவரிடம் போகும்போது நாய் நடப்பது, உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது ஆகியவற்றை வீட்டில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசைமேல் பயத்தில் நாய் வலியை மறைத்துவிடும், நொண்டாமல்கூட நடக்கும். காதுக்குள் கருவி வைத்துப் பார்ப்பது, பல், முதுகெலும்பு, இடுப்பு, ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை, நடுவயது தாண்டிய நாய்க்குத் தைராய்டு எல்லாவற்றையும் கேளுங்கள். பக்கத்து மருத்துவரிடம் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. வலிக்கு நாம் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

மூன்றாவது வேலை: ஒரு நோட்டு, ஒரு வாரம்

வலி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், வலிக்கு மருந்து ஓடும்போதும், இதைச் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு உறுமலுக்கும் நேரம், இடம், நாய் எந்த நிலையில் இருந்தது, அதன் வாயிலோ பக்கத்திலோ என்ன இருந்தது, யார் கூட இருந்தார் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உறுமலுக்கு முந்தைய பத்து நொடியில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எழுதுங்கள். "அப்பாவைப் பார்த்து உறுமியது" என்று எழுதினால் பயனில்லை. "இரவு 9.40. நாய் ஃபிரிட்ஜ் பக்கம் மிதியடியில் படுத்திருந்தது. அப்பா தண்ணீர் எடுக்க வந்தார். தலைக்கு மேல் கை நீட்டிக் கதவைத் திறந்தார்" என்று எழுதினால் பாதி விடை அதிலேயே இருக்கும். விடை அப்பா என்ற மனிதரிடம் இல்லை, அவர் வருகிற விதத்திலும் இடத்திலும் இருக்கிறது.

உறுமலுக்கு முன் நாயின் உடம்பு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். கதவு நிழல் விழுந்ததும் மூச்சிரைப்பு நிற்கும், வாய் மூடும். தலை அந்தப் பக்கம் திரும்பாது, கண் மட்டும் திரும்பும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. நாக்கு மூக்கை ஒருமுறை நக்கும். தோள் இறுகி, வால் அசைவது நின்று, உடம்பு முழுக்கச் சிலையாகும். அதற்கப்புறம்தான் உறுமல். "திடீரென்று" என்று நாம் சொல்வதெல்லாம் முந்தைய அறிகுறிகளைப் பார்க்காமல் விட்டதால்தான்.

ஒரு வாரத்தில் நோட்டு பெரும்பாலும் இந்த வகைகளில் ஒன்றைக் காட்டும்.

சோறு, எலும்பு, சோபா, அம்மாவின் பக்கத்து இடம் என்று எதையோ காக்கிறது. இதில் "அம்மாவைப் பாதுகாக்கிறது" என்று பெருமைப்படுவது பெரிய தவறு. அம்மாவின் மடியை அது எலும்பைக் காப்பது போலக் காக்கிறது. நாய் உறுமியதும் அம்மா எழுந்து போய்விட்டால் காக்க எதுவும் இருக்காது. எழுந்து போக வேண்டியது அம்மாதான்.

அந்த ஆளின் தோற்றமோ வாடையோ மாறியிருக்கிறது. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வந்தவர், மாலை போட்டுத் தாடி வளர்த்துக் கறுப்பு உடுத்தியவர், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வருகிறவர், மூட்டு வலிக்குக் கைத்தடி எடுத்தவர், தைலம் பூசியவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் எல்லாரும் இதில் வருவார்கள். நாய் தூரத்தில் ஆளின் உருவத்தையும் நடையையும் வைத்து அடையாளம் காண்கிறது. இரண்டும் மாறிவிட்டால் உள்ளே வந்தவர் அதற்கு அந்நியர். இது மிக எளிதில் தீரும். வாசலுக்கு வெளியிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குரல் போதும். பிறகு பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், நாய் தானே வந்து முகரட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

மூன்றாவது, அந்த ஆளிடம் பயம். அடித்தது, துரத்தியது, வலிக்க நகம் வெட்டியது. சில சமயம் அவர் எதுவுமே செய்திருக்க மாட்டார். தீபாவளியன்று வெடி வெடித்த அதே நொடியில் அவர் பக்கத்தில் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

"யார் எஜமான் என்று காட்டு" என்பவர்களுக்கு

மல்லாக்கத் தள்ளி அழுத்து, பட்டினி போடு, தட்டில் கைவிட்டுச் சோற்றை எடு என்று யோசனை சொல்ல ஆள் இல்லாத தெருவே இல்லை. இந்தக் கருத்து, 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான், அங்கே பட்டத்துக்குச் சண்டை நடப்பதில்லை என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-ல் எழுதிவிட்டார். 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அடித்து உதைக்கப்பட்ட நாய்களில் 43 சதவீதமும், மல்லாக்கத் தள்ளி அழுத்தப்பட்டவற்றில் 31 சதவீதமும் ஆக்ரோஷமாகத் திருப்பிக் காட்டின என்று உரிமையாளர்களே சொல்லியிருந்தார்கள். பயந்துபோய் உறுமும் நாயை மேலும் பயமுறுத்தினால் வேறு என்ன நடக்கும்?

நான்காவது வேலை: இரண்டு வாரம் ஒரு உறுமலும் வராமல் பார்த்துக்கொள்வது

பயிற்சிக்கு முன் இது. உறுமி ஆளை விரட்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் இறுகுகிறது. நோட்டில் எழுதிய இடங்களையும் நேரங்களையும் இல்லாமல் செய்யுங்கள். ஃபிரிட்ஜ் பக்கத்து மிதியடியை ஆள் நடக்காத மூலைக்கு மாற்றுங்கள். சோற்றைக் கதவு சாத்திய அறையில் வையுங்கள். எலும்பு வேண்டாம். அந்த ஆள் கடந்து போகும்போது நாயைப் பார்க்கவோ பேசவோ வேண்டாம். அவர் செய்துவந்த குளியல், மருந்து, நகம் வெட்டுவது எல்லாவற்றையும் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

அந்த மனிதரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தான் வளர்த்த நாய் தன்னைப் பார்த்து உறுமினால் மனசு நொந்துபோகும். "நீ என்னவோ செஞ்சிருக்க" என்று வீட்டார் கிண்டல் செய்தால் அவர் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார். அவர் ஒத்துழைக்காமல் இது தீராது.

ஐந்தாவது வேலை: ஆள் வந்தால் நல்லது வரும் என்று கற்றுக்கொடுப்பது

தோல், எலும்பு இல்லாத கோழிக்கறி 100 கிராம், உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்துப் பச்சைப் பட்டாணி அளவில் நறுக்குங்கள். சைவ வீடென்றால் பன்னீர். பிஸ்கட் போதாது. தினமும் கிடைப்பதற்கு இந்த வேலையில் மதிப்பில்லை. பயிற்சியில் கொடுப்பது அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், வழக்கமான சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குப் பிடித்த ஒருவர் லீஷைத் தளர்வாகப் பிடித்து ஹாலின் ஒரு கோடியில் உட்காரட்டும். அந்த ஆள் மறுகோடி வாசலில், 12 அடிக்குக் குறையாத தூரத்தில், பக்கவாட்டாகத் தோன்றட்டும். நாய் அவரைப் பார்த்ததும் ஒரு நொடிக்குள் ஒரு துண்டு கறி, அவர் நிற்கும் வரை தொடர்ந்து கறி. அவர் மறைந்ததும் கறியும் நிற்கும். ஒரு தடவைக்கு பத்து முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம், காலையும் மாலையும்.

வரிசை முக்கியம். முதலில் ஆள், பிறகு கறி. கறிக் கிண்ணத்தை எடுத்த பிறகு ஆள் வந்தால், "கிண்ணம் எடுத்தாலே அவர் வரப்போகிறார்" என்று கறியையே சந்தேகிக்கத் தொடங்கும். நிறையப் பேர் தோற்பது இங்கேதான்.

ஆள் தோன்றியதும் நாய் இறுகாமல், லீஷ் பிடித்தவரைத் திரும்பி "கறி எங்கே?" என்பது போலப் பார்த்தால் அந்தத் தூரம் கைவந்துவிட்டது. அடுத்த நாள் ஒரு அடி குறைக்கலாம். கறியை வாங்கும்போது விரலைக் கடிப்பது போல வெடுக்கென்று பிடுங்கினாலோ, வாங்கவே மறுத்தாலோ, தூரம் போதவில்லை. மூன்று அடி கூட்டுங்கள். உறுமிவிட்டால் அதட்டாமல் அமர்வை முடித்து, அடுத்த முறை இரண்டு படி பின்னால் போங்கள்.

ஆறு அடிக்கு வந்த பிறகு அந்த ஆளே கறியை எறியலாம். கையால் கொடுக்கக் கூடாது. கறி ஆசையில் நாய் தன் தைரியத்தைத் தாண்டிக் கிட்டே வந்துவிடும். விழுங்கியதும், தான் பயப்படும் கை முகத்துக்கு நேராக இருப்பது அப்போதுதான் தெரியும். கடி அங்கே விழும். அதனால் நாய்க்குப் பின்பக்கம் போய் விழும்படி எறியுங்கள். அது திரும்பிப் போய் எடுத்துவிட்டு, மனமிருந்தால் தானே முன்னால் வரும்.

பிறகு அசைவு. உட்கார்ந்திருந்தவர் எழும்போது உறுமும் நாய்கள் நிறைய. எழுவது, கை தூக்குவது, துண்டை உதறுவது ஒவ்வொன்றையும் மறுபடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் தெருவில் இருவரும் நாயோடு ஒரே திசையில், ஆளுக்கொரு ஓரமாக நடப்பது நல்ல உதவி. நடக்கும் நாய் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை.

தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி, பெரும்பாலும் ஐந்தாறு வாரம் ஆகும். நாய் தானே வந்து சாய்ந்தால் மட்டும், தலையை விட்டுவிட்டு நெஞ்சில் மூன்று நொடி வருடிக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி முட்டிக் கேட்டால் இன்னும் மூன்று நொடி. நகர்ந்து போனால் விட்டுவிடுங்கள்.

தட்டைக் காக்கும் நாய்க்கு முறை கொஞ்சம் வேறு. சாப்பிடும்போது ஆறு அடி தள்ளி நடந்து போகிறபோக்கில் தட்டுக்குள் ஒரு கறித்துண்டு விழட்டும், நிற்காமல் போய்விடுங்கள். ஆள் வந்தால் தட்டில் கூடுகிறது, குறைவதில்லை. வாயில் உள்ள பொருளை வாங்கப் பிடுங்காதீர்கள், நான்கு துண்டு கறியைச் சற்றுத் தள்ளிச் சிதறவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சோபாவிலிருந்து இறக்கவும் பெல்ட் வேண்டாம், தரையில் ஒரு துண்டு எறிந்து "இறங்கு" என்றால் போதும்.

வீட்டில் செய்யக் கூடாத நிலைகள்

சின்னக் குழந்தையைப் பார்த்து உறுமினால் மேலே சொன்ன பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது, அது சொன்னபடி நிற்கவும் செய்யாது. இருவருக்கும் நடுவில் சாத்திய கதவு, கூடவே கால்நடை மருத்துவர் வழியாக நாய் நடத்தை தெரிந்த ஒருவர் வேண்டும். தோல் கிழியக் கடித்துவிட்டாலும், சர்க்கரை நோயோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ உள்ள பெரியவர் இலக்காக இருந்தாலும் அப்படியே. நாய் வாய் திறந்து மூச்சிரைக்க முடிகிற கூடை வகை மஸில் (வாய்க்கூடு) வாங்கி, உள்ளே கறி வைத்து ஒரு வாரம் பழக்கிப் போடலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆகாது. சில நாய்களுக்கு மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூயாக்ஸிடின் போன்ற மாத்திரை எழுதுவார், வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நடுவில் நிறுத்தாதீர்கள்.

சரியான பிறகும் உறுமல் ஒரு நாள் எட்டிப் பார்க்கும். வெடிச்சத்தம், விருந்தாளிக் கூட்டம், காது மறுபடி சீழ் பிடித்தது என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்த வாரம் பழைய 12 அடிக்குப் போய், காதை முதலில் முகர்ந்து பாருங்கள்.